கீமோ வார்டில் பிள்ளை வளர்ப்பு: கேள்வி பதில்

என் பெரியவனுக்கு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு நாலு வயது. முதல் கட்டத்தில் ஏழு வாரம் ஒரே வார்டில் இருந்தோம். அப்புறம் வருவதும் போவதுமாக இரண்டரை ஆண்டு. இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான், சாக்ஸைத் துவைக்கப் போடமாட்டான். நான் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. மருந்து அளவைப் பற்றிக் கேட்டால் உங்கள் டாக்டரிடமே திருப்பி அனுப்புவேன். மற்றதைக் கேளுங்கள்.

அக்கா, மகளுக்கு நாலரை வயது. முந்தாநாள் லுகேமியா என்றார்கள். "காய்ச்சல்தான், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் பயப்பட மாட்டாளா? (சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஓர் அம்மா)

அந்த ரெண்டு நாள் இன்றோடு முடிந்துவிட்டதே அம்மா. இன்றைக்கே திருத்திச் சொல்லிவிடுங்கள்.

நானும் இதையேதான் செய்தேன். முதல் வாரம், "இன்னிக்கு ஊசி கிடையாதுடா, சும்மா பார்க்கத்தான் போறோம்" என்று சொல்லி, முதுகில் ஊசி போடும் அறைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். தாதி தட்டை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். அழவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து நாள், நான் தண்ணீர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அவன் அப்பா கொடுத்தால் மடமடவென்று குடிப்பான்.

பேரைச் சொல்லுங்கள். "உனக்கு லுகேமியான்னு ஒரு நோய். எலும்புக்குள்ளதான் ரத்தம் உருவாகும். அங்கே கெட்ட அணு நிறைய சேர்ந்து, நல்லதுக்கு இடம் இல்லாம பண்ணுது. அதை விரட்டத்தான் மருந்து. நிறைய நாள் ஆகும்." நாலு வயதுக்கு இது போதும். வீட்டுக்கு எப்போது என்று கேட்டால் தேதி கொடுக்காதீர்கள். "டாக்டருக்கே இன்னும் தெரியல, தெரிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்வேன்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

அவள் கேட்காமலே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: இது அவள் செய்த எதனாலும் வந்ததில்லை. இந்த வயதில் எல்லாமே தன்னால் நடப்பதாகத்தான் பிள்ளைகள் நினைக்கும். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு என் மகன் கேட்டான்: "தம்பியைக் கடிச்சேனே, அதனாலயாம்மா?" மூன்று வாரமாக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான்.

இன்னொன்று. "சாப்பிடலன்னா டாக்டர் ஊசி போடுவார்" என்ற மிரட்டல் நம் வீடுகளில் சாதாரணம். வார்டில் அதைத் தாத்தா சொன்னாலும் சரி, வீடியோ காலில் வரும் அத்தை சொன்னாலும் சரி, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மகனுக்கு ஐந்து வயது. ஸ்டீராய்டு ஆரம்பித்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். அடிக்கிறான், கடிக்கிறான், ராத்திரி மூன்று மணிக்குச் சாப்பாடு கேட்கிறான். நோயில் இருக்கும் பிள்ளையைக் கண்டிக்கவும் மனசு வரவில்லை. (ஈசூன் அப்பா)

அது மருந்தின் வேலை, தம்பி. டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ, எதுவானாலும் பசியையும் கோபத்தையும் சேர்த்துத்தான் கிளப்பும். முகம் உப்பும், தூக்கம் கெடும். நிறுத்தினால் மெல்ல மெல்ல அடங்கும். ஆனால் நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி மூன்று மணிக்கு வார்டு மைக்ரோவேவ் முன்னால் லுங்கியோடு நிற்பார். முதல் கிண்ணம் ரசம் சாதம். அது காலியாகும் முன்பே "அப்பா, அடுத்தது என்ன?" என்று கேள்வி வரும். உப்பையும் சர்க்கரையையும் எவ்வளவு குறைப்பது என்று டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி பசியோடு சண்டை போடாதீர்கள், ஜெயிக்க முடியாது.

ஆனால் அவன் அடிப்பதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. கையைப் பிடித்து, "கோபம் வரலாம், அடிக்கக் கூடாது. தலையணையைக் குத்து" என்று சொல்லுங்கள், தினமும் அதே வார்த்தைகளில். நாங்கள் பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டபோது அவன் இன்னும் மோசமானான். அப்பா அம்மாவே தன்னைத் தடுக்கவில்லை என்றால் நிலைமை படுமோசம் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். பல் துலக்குவது, தாதிக்கு நன்றி சொல்வது, ஐபேடுக்கு நேரம் வைப்பது எல்லாம் வார்டிலும் உண்டு. வாந்தி எடுக்கும் நாளில் மட்டும் சட்டம் கிடையாது.

பேரனுக்கு உடம்பு தேற நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா? கோயில் தீர்த்தம்? மருமகள் எதற்கும் விடமாட்டேன் என்கிறாள். (ஒரு பாட்டி, பிடோக்)

மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. கோபப்படாதீர்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதோடு கஷாயமும் சேர்ந்தால் எது எதனோடு மோதும் என்று யாராலும் கணிக்க முடியாது. கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் முதலில் மருத்துவமனை ஃபார்மசிஸ்டிடம் பாட்டிலைக் காட்டுங்கள். தீர்த்தம் வேண்டாம், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சாத தண்ணீரே ஆகாது. விபூதி நெற்றியில் வைக்கலாம், வாயில் போடாதீர்கள்.

உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை என்றால் தேக்கா சந்தை நடக்கிற தூரம்தான், ஆனாலும் கடைச் சாப்பாட்டைவிட வீட்டில் அப்போதே வடித்துச் சூடாகக் கொண்டுவரும் சாதம் மேல். எங்களுக்குச் சொன்னது: இட்லி சரி, வெளியே வைத்திருந்த தேங்காய்ச் சட்னி கூடாது.

ஊசி என்றாலே மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. (ஜூரோங் வெஸ்ட்)

படுக்க வைத்து அமுக்காதீர்கள். மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார்த்தி வைத்துக்கொண்டே போடலாமா என்று தாதியிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மரத்துப்போக வைக்கும் எம்லா க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும், பத்து நிமிடத்துக்கு முன் தடவினால் வீண். "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லி நீங்களே எண்ணுங்கள். எந்தக் கை, எந்த ஸ்டிக்கர் என்பதை அவன் முடிவு செய்யட்டும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள். வார்டில் விளையாட்டு மூலம் பிள்ளையின் பயத்தைப் போக்கும் சிகிச்சையாளர் இருந்தால் பொம்மைக்கு முதலில் ஊசி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கசப்பு மருந்தை மைலோவில் கலக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு மைலோவே பிடிக்காமல் போய்விட்டது.

மகளுக்கு இடுப்பு வரை முடி. எப்படிச் சொல்வது? (புங்கோல்)

நமக்கு ஒரு வசதி, நம் பிள்ளைகளுக்கு மொட்டை புதிதில்லை. அவளுடைய மொட்டை ஃபோட்டோவை எடுத்துக் காட்டுங்கள். கீமோ ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும், தலையணையில் கொத்தாகக் கிடப்பதைப் பார்க்கும் முன்பே தோள்வரை வெட்டிவிடுவது நல்லது. பிறகு மெஷினால் மட்டும் எடுங்கள், சவரக் கத்தி வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருக்கும்போது சின்னக் கீறல்கூடத் தொல்லை. "சாமிக்குக் கொடுத்தோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்காமலே எடுத்துக்கொண்ட சாமி மீது அவளுக்குக் கோபம் வரும்.

2003 முதல் சில்ட்ரன்ஸ் கேன்சர் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் 'ஹேர் ஃபார் ஹோப்' நிகழ்ச்சியில் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பெரியவர்கள் வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொள்ளும் படங்களையும் காட்டுங்கள். என் மகன் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால்?

உங்கள் டாக்டர் சொன்ன அளவு, பெரும்பாலும் 38 டிகிரி செல்சியஸ். காய்ச்சல் அதைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு, நள்ளிரவானாலும். பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். பை எப்போதும் கதவருகே இருக்கட்டும்.

வேலை, பணம்? இருவருமே வேலைக்குப் போகிறோம்.

முதல் வாரமே, பண உதவிக்கு வழிகாட்டும் மருத்துவ சமூக ஊழியரை மருத்துவமனையில் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடு குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் உண்டு. வேலை அனுமதியில் இருப்பவர்கள் கம்பெனி காப்பீட்டின் வரம்பை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாகவும் ஏழு வயதுக்கு உட்பட்டும் இருந்தால், தகுதியுள்ள பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. ஆறு நாள் இதற்கு எந்த மூலைக்கு! எதற்கும், இது ஆண்டுக் கணக்கில் நீளும் என்று மேலதிகாரியிடம் முன்பே பேசிவையுங்கள்.

அக்கா, பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் தவறிவிட்டான். என் மகள் தினமும் அவன் எங்கே என்று கேட்கிறாள். (பெயர் வேண்டாம்)

"ஊருக்குப் போயிட்டான்" என்று சொன்னால் நாளைக்கு நீங்கள் திருச்சிக்கு டிக்கெட் போடும்போது அவள் நடுங்குவாள். "தூங்கிட்டான்" என்றால் அடுத்த மயக்க மருந்துக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "அவன் உடம்பு ரொம்ப முடியாமப் போய் நின்னுடுச்சு. இறந்துட்டான். எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லலாம்.

அடுத்து "நானும் செத்துடுவேனா?" என்று கேட்பாள். பதிலை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் இது: "உன் மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்றார். ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன்." உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முதல் வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். இரண்டாவதைச் சொல்லலாம். என் மகன் அதைக் கேட்டுவிட்டு, "சரி, லெகோ எடு" என்றான்.

நாளைக்கு அட்மிஷன். என்ன எடுத்து வர?

நீளமான சார்ஜர் வயர். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள், நெஞ்சில் டியூப் போட்டால் தலைவழியாக மாட்ட முடியாது. துவைக்கக்கூடிய ஒரு பொம்மை, அதைப் போலவே இன்னொன்று. உங்களுக்கு ஸ்வெட்டரும் காலுறையும், சோபாப் படுக்கைக்கு நேர் மேலேதான் ஏர்கான் இருக்கும்.