மறுவெளியீடு வந்தால் பழைய ஜோடியின் மதிப்பு குறையுமா?

ஸ்னீக்கர் சேகரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், மறுவெளியீடு தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: 1985இல் விற்பனைக்கு வந்த ஏர் ஜோர்டான் 1 வகையில், சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்கள் கொண்ட ‘சிகாகோ’ ஜோடி ஒன்று என்னிடம் உள்ளது. நைக்கி நிறுவனம் அதே ஷூவை 2015இலும் 2022இலும் மீண்டும் வெளியிட்டது. இப்படி ஒவ்வொரு முறை வெளியிடும்போதும் என்னுடைய ஜோடியின் மதிப்பு சரிகிறதா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: உங்கள் ஜோடி நல்ல நிலையில் இருந்து, அது 1985ஆம் ஆண்டுடையது என்று நிரூபிக்கவும் முடிந்தால், மறுவெளியீடுகளால் அதன் மதிப்பு பெரிதாகச் சரிவதில்லை. ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் எந்தச் செய்திக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று முடிவு செய்ய முடியும்.

ஒரு பழைய ஷூவை இரண்டு வகையினர் தேடுகிறார்கள். அந்த வடிவத்தையும் நிறத்தையும் காலில் அணிய விரும்புபவர் ஒருவர். 1985இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்தப் பொருளையே வைத்திருக்க விரும்புபவர் மற்றவர். மறுவெளியீடு இல்லாதபோது இருவரும் ஒரே ஜோடிக்குப் போட்டியிடுவதால் விலை ஏறுகிறது. மறுவெளியீடு வந்ததும் முதலாமவர் புதிய ஜோடியை வாங்கிக்கொண்டு போட்டியிலிருந்து விலகிவிடுகிறார். இரண்டாமவருக்கோ அந்தப் புதிய ஜோடியால் எந்தப் பயனும் இல்லை. எனவே ஓரளவு தேய்ந்து, பெட்டியும் இல்லாமல், அணிவதற்காகவே வாங்கப்பட்டுவந்த பழைய ஜோடிகள்தான் முதலில் அடி வாங்குகின்றன. பெட்டியோடு, அதிகம் அணியப்படாமல், உரிய அச்சுக் குறியீடுகளோடு இருக்கும் ஜோடியை அந்த அடி எட்டுவதில்லை.

ஏல விற்பனைகளும் இதையே காட்டுகின்றன. இந்த ஷூவுக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் 1985இல் ஆட்டத்தில் அணிந்து கையொப்பமிட்ட ஏர் ஜோர்டான் 1 ஜோடி, 2020 மே மாதம் சோத்பீஸ் ஏலத்தில் 5,60,000 டாலருக்கு விற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இன்னொரு ஜோடி 6,15,000 டாலருக்குப் போனது. 1985இல் இத்தாலியின் ட்ரியஸ்தே நகரில் நடந்த காட்சி ஆட்டத்தில் ஜோர்டான் பந்தைக் கூடைக்குள் ஓங்கித் திணித்தபோது, கூடைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிப் பலகை உடைந்தது; அதன் துண்டு ஒன்று அந்த ஷூவின் அடியில் பதிந்திருந்தது. அந்த ஏலங்களுக்கு முன்பே ஏர் ஜோர்டான் 1 பல வண்ணங்களில் பலமுறை மறுவெளியீடு கண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். இவை ஜோர்டானே அணிந்தவை என்பதால் உங்கள் ஜோடியின் விலையை இவற்றோடு ஒப்பிட முடியாது. ஆனால் விலைக்குக் காரணமான வரலாறு எந்தத் தொழிற்சாலையிலும் மீண்டும் உருவாகாது என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

மறுவெளியீடு செய்யும் நன்மை ஒன்றும் உண்டு. 1985இல் 65 டாலருக்கு விற்ற இந்த ஷூ அன்று அரிதான பொருளாக இருக்கவில்லை; முதல் ஆண்டிலேயே ஏர் ஜோர்டான் விற்பனை 10 கோடி டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் தெருவிலும் கூடைப்பந்துத் திடலிலும் ஸ்கேட்போர்டிலும் அணிந்து தேய்த்துத் தீர்த்தார்கள் என்பதால்தான் நல்ல ஜோடிகள் இன்று கிடைப்பதில்லை. ஜோர்டான் ஆடியதை ஒருநாளும் பார்த்திராத தலைமுறைக்கு இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியது மறுவெளியீடுதான். அவர்களில் சிலர் நாளடைவில் மூல ஜோடியைத் தேடி வருகிறார்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 2022 நவம்பரில் 180 டாலர் விலையில் வந்த ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ பதிப்பு, பழைய ஷூவின் வடிவத்தோடு அதன் முதுமையையும் சேர்த்தே நகலெடுத்தது: கணுக்கால் பட்டையில் வெடிப்பு விழுந்த தோல், மஞ்சளித்த அடிப்பகுதி, மூடி ஒருவிதமாகவும் உடல் ஒருவிதமாகவும் உள்ள பெட்டி, பழைய கடை ரசீது போன்ற தாள். நிறுவனம் இதைப் புதிய பதிப்பு என்று சொல்லியே விற்றது. அதில் ஏமாற்று இல்லை. ஆனால் பழமையின் தோற்றம் மலிவாகக் கிடைக்கும்போது, தோற்றத்தை மட்டும் நம்பி யாரும் பெருந்தொகை கொடுக்க மாட்டார்கள். உள்பட்டையில் அச்சிடப்பட்ட குறியீடுகள், தையல், பெட்டியின் ஒட்டுச்சீட்டு, வாங்கியதற்கான சான்று ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து மறையும் எழுத்துகளை இன்றே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: 1989ஆம் ஆண்டின் ஏர் ஜோர்டான் 4 ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, ஒருமுறைகூட அணியாத அந்த ஷூவின் அடிப்பகுதி மாவாக உதிர்ந்தது. மறுவெளியீட்டு ஜோடியின் அடியைக் கழற்றி இதில் பொருத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், டொராண்டோ)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் இது உங்கள் பராமரிப்பின் குறை அல்ல. டிங்கர் ஹாட்ஃபீல்ட் வடிவமைத்த ஏர் ஜோர்டான் 4இன் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் வேதிப் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல உடைக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பெட்டிக்குள் அணியாமல் வைத்திருப்பதால் இது நிற்பதில்லை. முந்தைய கேள்வியில் வந்த ஏர் ஜோர்டான் 1 கிண்ணம் போன்ற ரப்பர் அடியைக் கொண்டது என்பதால் இந்த விதியிலிருந்து பெருமளவு தப்பியது. 1988இன் மூன்றாம் வகையிலிருந்து அடுத்து வந்த பல வகைகள் தப்பவில்லை. மூல ஜோடியை அணியவே முடியாது என்ற நிலையில், அணிய விரும்புபவர் மறுவெளியீட்டைத்தான் வாங்கியாக வேண்டும். ஆகவே இவ்வகை ஷூக்களில் மூல ஜோடியும் மறுவெளியீடும் ஒன்றோடொன்று போட்டியிடுவதே மிகக் குறைவு.

அடி மாற்றுவது தொழில்நுட்ப அளவில் செய்யக்கூடியதே. அனுபவமுள்ள கைவினைஞர்கள் நேர்த்தியாகச் செய்கிறார்கள். முடிவு உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. அணிந்து மகிழ்வதே நோக்கமானால் தயங்காமல் செய்யுங்கள். ஆனால் மேற்பகுதி 1989, அடி 2019 என்று கலந்த ஜோடியை மூல ஜோடியாகச் சேகரிப்பாளர்கள் ஏற்பதில்லை. உதிர்ந்த அடியோடு, எதுவும் மாற்றப்படாமல் இருக்கும் ஜோடியைக் காட்சிப் பொருளாகவே வாங்குவோர் இருக்கிறார்கள், என் தனிப்பட்ட விருப்பமும் அதுவே. மாற்றினால், உதிர்ந்த பழைய அடியையும் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். இன்னொன்று: 1999இல் வந்த முதல் மறுவெளியீட்டின் அடியும் அதே நுரைதான், அதுவும் இன்று உதிரும் வயதை எட்டிவிட்டது. கழற்றிப் பொருத்த வேண்டுமானால் அண்மைக்கால ஜோடியாகவே பாருங்கள். அதற்கும் ஆயுள் எல்லை உண்டு என்பதை அறிந்தே செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ‘சிகாகோ’ 2015ஆம் ஆண்டு மறுவெளியீடு. இதை முதலீடாக வைத்திருக்கலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: முதலீடாக வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுவெளியீட்டால் அதிகம் பாதிக்கப்படுவது மூல ஜோடி அல்ல, அதற்கு முந்தைய மறுவெளியீடுதான். 160 டாலருக்கு வந்த உங்கள் ஜோடியின் மறுவிற்பனை விலை உயர்ந்திருந்ததற்குக் காரணம், அணியக்கூடிய நிலையிலுள்ள மிக நெருக்கமான நகலாக அது பல ஆண்டுகள் இருந்ததுதான். 2022 பதிப்பு அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. வெடிப்பு விழுந்த தோலை விரும்பாதவர்கள் இன்னும் 2015ஐத் தேடுவார்கள் என்பது உங்களுக்குச் சாதகம்; ஆனால் அடுத்து எப்போது எந்த வடிவில் வெளியிடுவது என்று நிறுவனம்தான் முடிவு செய்கிறது. கறுப்பு-வெள்ளை நிற ‘பாண்டா’ டங்க் ஷூவை 2021 முதல் நைக்கி திரும்பத் திரும்பக் கடைகளுக்கு அனுப்பியதும், மறுவிற்பனையாளர்கள் கண்ட லாபம் கரைந்துபோனது.

கேள்வி: அடிடாஸ் ஸ்டான் ஸ்மித் போன்ற எளிய ஷூக்களுக்கும் இது பொருந்துமா? (வாசகர், சென்னை)

பதில்: பொருந்தும். அடிடாஸ் நிறுவனம் 2011இல் அதன் தயாரிப்பை நிறுத்தி, 2014 ஜனவரியில் பெரும் விளம்பரத்தோடு மீண்டும் கொண்டுவந்து ஏராளமாக விற்றது. அதன் பிறகும், பிரான்சில் தயாரான பழைய ஜோடிகளைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடுகிறார்கள். அவற்றின் தோலும் வடிவமும் வேறு.

கேள்வி: இன்றைய மறுவெளியீடு நாளை மூல ஜோடியைப் போலவே மதிப்புப் பெற வாய்ப்பு உண்டா? 1994ஆம் ஆண்டு ஜோடிகளுக்கு அப்படி நடந்ததாகப் படித்தேன். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் படித்தது சரி. ஏர் ஜோர்டானின் முதல் மூன்று வகைகளையும் நைக்கி 1994இல் முதன்முறையாக மறுவெளியீடு செய்தது. அப்போது ஜோர்டான் கூடைப்பந்திலிருந்து ஓய்வு பெற்று, பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணியில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். பழைய ஷூவை ஏன் திரும்ப விற்கிறார்கள் என்று வாங்குவோர் ஒதுங்கினர், கடைகள் விலையைப் பலமுறை வெட்டித் தள்ளுபடியில் தீர்த்தன. மலிவாக வாங்கியவர்கள் கவலையின்றி அணிந்து தீர்த்தார்கள். எஞ்சிய சில ஜோடிகளே இன்று தனி வகையாக மதிக்கப்படுகின்றன.

இன்றைய நிலை இதற்கு நேர் எதிரானது. வெளியீட்டு நாளிலேயே பலர் விலை ஏறும் என்று எண்ணி வாங்கி, பெட்டியைத் திறக்காமல் அடுக்கி வைக்கிறார்கள். எல்லோரும் பாதுகாக்கும் ஒரு பொருள் முப்பது ஆண்டுகள் கழிந்தாலும் அரிதாகாது. அதோடு, பாலியூரித்தேன் அடி கொண்ட வகையாக இருந்தால் அந்த முப்பது ஆண்டுகளில் அதுவும் உதிர்ந்துவிடும். எனவே இன்று வரும் மறுவெளியீடுகளில் உங்களுக்குப் பிடித்ததை வாங்கி அணியுங்கள். சேகரிப்புக்காகவே பணம் ஒதுக்குவதானால், ஐந்து புதிய ஜோடிகளுக்குப் பதில், சான்றுகள் உள்ள ஒரே ஒரு மூல ஜோடியை, முடிந்தால் ரப்பர் அடி கொண்ட ஒன்றை, நேரில் பார்த்து வாங்குங்கள்.