புதுப் பட்டறைக்கு எந்த டூல்ஸை முதலில் வாங்குவது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாகப் பட்டறை போடுகிறேன். வருவது பெரும்பாலும் பைக், மொபெட். எப்போதாவது ஆல்டோ, ஸ்விஃப்ட் வரும். டூல்ஸுக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆன்லைனில் 200 பீஸுக்கு மேல் உள்ள கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? இன்னொன்று, வேலை பார்த்த இடத்தில் ஆயில் டிரெயின் போல்ட் மரை போவதும் ஸ்க்ரூ தலை வழுக்குவதும் அடிக்கடி நடக்கும். அதற்குக் காரணம் டூல்ஸா, கையா?

பதில்: அந்த கிட் வேண்டாம். 200 பீஸ் என்று எண்ணிக்கை காட்டுவதற்காக பிட்டுகளையும், நம் வண்டிகளில் எங்குமே பொருந்தாத இஞ்ச் அளவு பாக்ஸ்களையும் (போல்ட் தலைமேல் மாட்டும் சாக்கெட்) போட்டு நிரப்பியிருப்பார்கள். பைக் வேலையில் தினமும் கைக்கு வருவது 8, 10, 12, 14, 17, 19 எம்.எம். சில வண்டிகளில் 13 கேட்கும், ஆக்ஸிலுக்கு 24 வேண்டியிருக்கலாம். இந்த ஏழெட்டு அளவுகளை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். நாசிக்கில் தயாராகும் டபாரியா மாதிரி பெயர் உள்ள கம்பெனியின் குரோம் வனேடியம் ஸ்பேனர், பாக்ஸ் போதும். பிரபல பெயர்களில் போலியும் வருவதால் பில் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலேயே கிடைத்தால் சரி. இல்லையென்றால் பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோடு போய்விடலாம், ஒரே நாளில் திரும்பிவிடுவீர்கள்.

கடைக்குப் போகும்போது 10 எம்.எம். தலையுள்ள புது போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாக்ஸை அதில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம். கடகடவென்று ஆடினால் அந்த பாக்ஸை வைத்துவிட்டு வாருங்கள். அது போல்டின் பக்கத்தைப் பிடிக்காமல் மூலையை மட்டும்தான் பிடிக்கும், அழுத்தம் கொடுத்ததும் மூலை மழுங்கிவிடும். பாக்ஸின் உள்ளே எத்தனை மூலை என்றும் பாருங்கள். ஆறு மூலை பாக்ஸ் போல்டின் பக்கத்தில் நன்றாக உட்காரும். பன்னிரண்டு மூலை பாக்ஸ் இடுக்கான இடத்தில் மாட்ட வசதிதான், ஆனால் துருப்பிடித்த போல்டை அதில் கழற்றப் போனால் தலை போய்விடும். இனி வாங்குவதெல்லாம் ஆறு மூலையாகவே இருக்கட்டும். ஸ்பேனரிலும் அப்படித்தான்: இறுகிய போல்டை முதலில் அசைக்க ரிங் பக்கம், லூஸான பிறகு கடகடவென்று கழற்ற திறந்த பக்கம். ஸ்க்ரூ ஸ்பேனரை பைக் இன்ஜின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்க்ரூ தலை வழுக்குவதற்கு உங்கள் கை காரணமில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலும், முன் டிஸ்க் பிரேக்கின் ஆயில் டப்பா மூடியிலும் உள்ள கூட்டல் குறி ஸ்க்ரூக்கள்தான் இந்தத் தொல்லைக்குப் பேர்போனவை. ஜப்பான் வடிவமைப்பிலிருந்து வந்த ஹோண்டா, ஹீரோ, யமஹா, சுசுகி வண்டிகளின் ஸ்க்ரூ தலைகள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் அளவைப் பின்பற்றியவை. சிலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் பிலிப்ஸ் வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். குழியில் முழுதாக இறங்காது, திருப்பும்போது மேலே ஏறி வழுக்கி, போகும் வழியில் தலையையும் தின்றுவிடும். வெஸ்ஸல் போன்ற ஜப்பான் கம்பெனிகளின் ஜே.ஐ.எஸ். டிரைவரில் 2, 3 ஆகிய இரண்டு நம்பர்களை வாங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. அதோடு சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று. அடி விழும்போதே முனை குழிக்குள் அழுந்தித் திரும்புவதால், கிளட்ச் கவரில் வருடக்கணக்காக இறுகிப்போன ஸ்க்ரூவும் அசைந்து கொடுக்கும். பிரேக் ஆயில் மூடியில் மட்டும் அடி மெதுவாக விழ வேண்டும், அது மெல்லிய வார்ப்பு.

டிரெயின் போல்ட் விஷயத்தில் குற்றம் கையினுடையதுதான், ஆனால் யாருடைய கையாக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். கணக்கைப் பாருங்கள். 17 ஸ்பேனரின் நீளம் சுமார் 20 செ.மீ. அதன் நுனியில் 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் போல்டில் விழும் திருகு விசை ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர். உடம்பைச் சாய்த்து இழுக்கும் ஆளுக்கு 30 கிலோ ஒரு பெரிய விஷயமே இல்லை. சின்ன பைக்குகளின் டிரெயின் போல்டுக்குக் கம்பெனி சொல்லும் அளவு பொதுவாக 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்தான். போல்ட் இரும்பு, இன்ஜின் கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது அலுமினிய மரை. ஒரே நாளில் போகாது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, ஒருநாள் யாரோ ஒருவர் கையில் போகும். பழியும் அவர் தலையில்தான் விழும். அப்புறம் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவை வண்டிக்காரரிடம் கேட்கவும் முடியாது.

அதனால் நீங்கள் வாங்கும் முதல் பெரிய பொருள், வைத்த அளவுக்கு போல்ட் இறுகியதும் தெரிவிக்கும் டார்க் ரெஞ்சாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கம்ப்ரஸரும் இம்பாக்ட் கன்னும் அப்புறம் வரட்டும். கிளிக் சத்தம் தரும் வகையில், 3/8 இஞ்ச் டிரைவ், 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரையிலான ஒன்று பைக் வேலைக்குச் சரியாக இருக்கும். கார் வீல் நட்டுக்கு இது போதாது. கார் வேலை கூடும்போது அரை இஞ்ச் டிரைவில் 40 முதல் 200 வரையிலானதை வாங்கிக்கொள்ளலாம். பழைய சர்வீஸ் மேனுவலில் கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருந்தால் 9.8-ஆல் பெருக்குங்கள். 2.4 என்றால் 23.5 நியூட்டன் மீட்டர்.

டார்க் ரெஞ்சைக் கெடுக்கிற பழக்கங்கள் உண்டு. அதை வைத்து போல்டைக் கழற்றக் கூடாது, அது இறுக்குவதற்கு மட்டும். கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். "இன்னொரு கிளிக் சேஃப்டிக்கு" என்று மறுபடி இழுத்தால் அளவு தாண்டிவிடும். கைப்பிடியில் குறித்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும், பைப் போட்டு நீட்டக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்குத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோகும். கம்பெனி தனியாகச் சொல்லாவிட்டால் மரையில் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். வழவழப்பான மரை அதே அளவிலேயே அதிகமாக இறுகிவிடும். டிரெயின் போல்டை முதலில் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள், வாஷரைப் புதிதாக மாற்றுங்கள், பிறகு ரெஞ்ச்.

காரைத் தூக்குவதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கின் சீல் எப்போது கசியும் என்று யாரும் சொல்ல முடியாது. 3 டன் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். சமதளமான சிமென்ட் தரையில் மட்டும் வேலை செய்யுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம். பாரம் ஏறினால் அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்கும் வரை கார் அடியில் படுக்கிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களிடம் வரும் கார்களில் பல, சேலம் போக தொப்பூர் கணவாய் இறங்கப் போகிறவை. பிரேக் காலிப்பர் போல்டையும் வீல் நட்டையும் கை மதிப்பில் இறுக்கி அனுப்பாதீர்கள். வீல் நட்டைக் குறுக்கு மறுக்காக, இரண்டு தவணையில் இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வாங்கினாலும் அது கழற்ற மட்டும் இருக்கட்டும். அதற்குரிய கறுப்பு இம்பாக்ட் பாக்ஸைத்தான் மாட்ட வேண்டும், பளபளக்கும் குரோம் பாக்ஸ் அந்த அடியில் வெடித்துக் கண்ணில் தெறிக்கக்கூடும்.

ஃபீலர் கேஜ், சர்க்ளிப் பிளேயர், ஆலன் கீ செட், பெஞ்ச் வைஸ், ஸ்பார்க் பிளக் பாக்ஸ் இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். பிளக் பாக்ஸில் 16, 21 என இரண்டு அளவும் வேண்டும். மேக்னட்டை கிராங்கிலிருந்து இழுத்துக் கழற்றும் மேக்னட் புல்லரை மாடல் பார்த்து, வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். புல்லர் இல்லாமல் மேக்னட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது கிராங்கைக் கெடுக்கும்.

கடைசியாக மின்சாரம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்து பைக்குகளிலும் இன்ஜெக்‌ஷன் நிறைந்துவிட்டதால் பல்பு டெஸ்டர் போதாது. பல்பு இழுக்கும் கரன்ட், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் லைனைக் கெடுக்கலாம். ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். ஓடாமல் நின்ற வண்டியின் முழு சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பாதிக் குழப்பம் இதிலேயே தெளிந்துவிடும். ஈ.சி.யூ.வில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் ஆறு மாதம் பொறுக்கலாம். எந்தக் கம்பெனி வண்டி அதிகம் வருகிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் பொருந்தும் கேபிளோடு எடுங்கள்.

ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாராகிறது, அதுவும் உங்கள் வாசலுக்கு வரும். டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள். 1000 வோல்ட் முத்திரையுள்ள இன்சுலேட்டட் டூல்ஸும் முறையான பயிற்சியும் கிடைக்கும் வரை பேட்டரி பேக்கைத் திறக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்பிவிடுங்கள்.