பங்குனியில் நட்ட செடி

மதிப்பிற்குரிய ஐயா,

சேலத்தில் ஒரு நூற்பாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவள் என்பதால் இந்த ஆண்டு சி.எஸ்.ஆர்., அதாவது ஆலை லாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிடும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். விளிம்புநிலை மக்களை மேம்படுத்த நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறேன். முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். எந்தப் படிப்பு நல்லது? சி.எஸ்.ஆர். என்பதே கண்துடைப்பு என்கிறார்களே, அப்படியா? செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருந்த என் அப்பா, "அடுத்தவன் காசை எடுத்துக் குடுக்கறதுக்குப் படிப்பு வேறயா?" என்று சிரிக்கிறார்.

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டிவிடுகிறேன். நிறுவனத்தின் வேலையைக் கற்றுக்கொள்ள உங்கள் இரண்டு மாதச் சம்பளத்தை எதற்குக் கட்டுகிறீர்கள்? ஆலைக்குப் புது மெஷின் வந்தால் ஃபிட்டர் கைக்காசைப் போட்டா கோயம்புத்தூர் போய்ப் படித்துவிட்டு வருகிறார்? 2014இல் வந்த முதல் சி.எஸ்.ஆர். விதிகளிலேயே, சொந்த ஊழியர்களின் திறனை வளர்க்க மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. இன்றைய விதிகளில் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் அதே 5 சதவீதம் இருக்கிறது. எந்தக் கணக்கில் எழுதுவது என்பது கணக்குப் பிரிவின் கவலை. போய்க் கேளுங்கள். இதைக் கேட்கவே கூச்சப்பட்டால் நாளைக்கு முதலாளி எதிரில் நின்று "இந்த ஊருக்கு இது வேண்டாம் சார்" என்று எப்படிச் சொல்வீர்கள்?

எந்தப் படிப்பு என்றால், மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையின் கீழ் ஹரியானாவின் மானேசரில் உள்ள கல்வி நிலையம் ஒன்று நடத்துகிறது, தனியாரும் நடத்துகிறார்கள். எல்லோரும் சட்டத்தை ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். அதை நீங்களே படித்துவிடலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணை, 2021இல் திருத்திய விதிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். உங்கள் ஆலையின் தொகை 50 லட்சத்துக்குள் என்றால் தனி சி.எஸ்.ஆர். குழுகூட வேண்டாம், இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளும். அதாவது எல்லாம் உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

கண்துடைப்பா என்றால், சில இடங்களில் ஆமாம். விடுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. போன வாரம் ஏற்காடு போயிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைத் தாண்டி, உள்ளே ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து, பசுமைத் திட்டம். பலகைக்குப் பின்னால் ஒரு மரமும் இல்லை. செடிகளுக்குப் போட்ட இரும்புக் கூண்டுகளில் இரண்டைக் கண்டுபிடித்தேன். ஒன்றில் கோழிக்குஞ்சுகள் இருந்தன. மற்றதின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டம் பிறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

2018 ஜனவரி. அந்த நிறுவனம் தன் அலுவலர்களுக்கு ஏற்காட்டில் ஒரு விடுதியில் மூன்று நாள் சி.எஸ்.ஆர். பயிற்சி வைத்தது. பயிற்றுநர் வடக்கிலிருந்து வந்தவர், நல்ல மனுஷர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் என்று கேள்விப்பட்டதும், "உங்களுக்கு மலையாளம் வருமா?" என்று கவலையாகக் கேட்டார். அவர்கள் கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையில் இருப்பதால் மலையாளி, வீட்டில் பேசுவது தமிழ் என்று விளக்குவதற்குள் ஒரு டீ ஆறிப்போனது.

இரண்டாம் நாள் தேவை மதிப்பீடு, அதாவது ஊருக்கு என்ன வேண்டும் என்று நேரில் போய்க் கேட்பது. காலை பத்தரை மணிக்கு வேனில் போய் இறங்கினோம். ஊரில் ஆள் இல்லை. ஜனவரியில் எப்படி இருப்பார்கள்? கார்த்திகையில் தொடங்கி தை வரை காப்பிப் பழம் பறிப்பு. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்கள். நாலைந்து கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் மிச்சம். அன்று இரவு எழுதிய அறிக்கையில் "பெண்களின் பங்கேற்பு குறைவு, விழிப்புணர்வு தேவை" என்று ஒரு வரி வந்தது. நான் மறுத்துப் பேசினேன். கவனத்தில் கொள்வதாகச் சொன்னார்கள்.

படிவத்தில் நான்காவது கேள்வி மாத வருமானம். ஒரு பாட்டியிடம் கேட்டேன். "மாசமா? எங்களுக்கு ஏது சாமி மாசம்? பழம் இருந்தாக் காசு. இல்லைன்னா இல்ல" என்றார். எழுதிக்கொண்டிருந்த தம்பி விடவில்லை. வருஷத்துக்கு எவ்வளவு, அதைப் பன்னிரண்டால் வகுங்கள் என்றான். பாட்டி அவனைப் பார்த்துச் சிரித்தார். அவனே ஒரு தொகையை வகுத்துக் கட்டத்தில் எழுதினான். அந்தக் கட்டத்தைப் படிக்கிறவருக்கு அந்தக் குடும்பம் மாதாமாதம் ஏதோ சம்பளம் வாங்குவதுபோலத்தான் தெரியும். ஆனி, ஆடியில் கடன் வாங்குவது அதில் எங்கேயும் இல்லை.

மார்ச் கடைசி வாரம் செடிகள் வந்து இறங்கின. நாவல், புங்கன், சில்வர் ஓக். நிதியாண்டு 31ஆம் தேதி முடிகிறதே! அந்த மாதத்தில் மலையில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், காப்பி பூப்பதற்கு ஒரு மழை வேண்டும் என்று. அந்த ஒரு மழையை நம்பி யாரும் கன்று நட மாட்டார்கள். அதே பாட்டி நேராகவே கேட்டார்: "பங்குனியில யாராச்சும் செடி வெப்பாங்களா? குடிக்கவே தண்ணி தூக்கிட்டு வாரோம்." நான் அதை வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி, "ரூல் அப்படி சார், நாங்க என்ன பண்றது" என்றார். நானும் நம்பிவிட்டேன். அப்புறம் சட்டத்தைப் படித்தபோதுதான் எரிச்சல் வந்தது.

எஸ்., இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். அந்த 2018இல் பணம் மிச்சமானால், ஏன் மிச்சமானது என்று இயக்குநர் குழுவின் ஆண்டறிக்கையில் காரணம் எழுதினால் போதும். அதுதான் அன்றைய சட்டம். "பங்குனியில் செடி நட முடியாது, ஆடியில் நடுவோம்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 2021 ஜனவரியில், மிச்சப் பணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது என்று கெடுபிடி வந்தது, உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்திலேயே தொடர் திட்டம் என்று ஒரு வழியும் இருக்கிறது. தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று ஆண்டு வரை திட்டம் நீளலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். தொடர் திட்டம் என்று முன்கூட்டியே சொல்லாத பணம்தான் ஆறு மாதத்துக்குள் ஏழாவது அட்டவணையில் சொன்ன அரசு நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். அதனால் திட்டம் எழுதும்போதே, ஏப்ரலிலேயே, அதைத் தொடர் திட்டமாக எழுதுங்கள். சட்டம் மூன்று மழைக்காலம் தருகிறது. நம் அலுவலகங்கள்தான் மார்ச்சைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. செலவை முடித்து பில்லை ஃபைலில் வைத்தால்தான் அந்த அதிகாரிக்குத் தூக்கம் வரும். அதற்கு ரூல் என்று ஒரு பெயர்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும்தான் படித்தோம். என் பாட்டி கன்னங்குறிச்சியில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார். பங்குனி பிறந்தால் பானை வாங்குவார், ஐப்பசியில் வாங்க மாட்டார். அந்த மூன்று நாள் பயிற்சியில் தாக்க மதிப்பீடு என்றார்கள், பங்குதாரர் என்றார்கள். அந்த ஊரில் எந்த மாதம் கையில் காசு இருக்கும், எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்த மாதம் ஆள் இருக்கும் என்று ஒரு தாளில்கூட இல்லை. நீங்கள் சேரப்போகும் படிப்பிலும் இருக்காது. சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ந்த பிறகு போகிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பன்னிரண்டு மாதத் தாளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சித்திரையில் ஆரம்பித்து.

அந்த "விளிம்புநிலை மக்களை மேம்படுத்த" என்பதை அழித்துவிடு கண்ணு. ஏற்காட்டில் அவர்கள் மலைமேல் இருக்கிறார்கள், நாம்தான் அடிவாரத்தில்.

உங்கள் அப்பா சொன்னதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அவர் சிரிக்கட்டும். வெள்ளிப்பட்டறை வைத்திருந்தவருக்கு எந்த மாதம் கொலுசு ஆர்டர் வந்து குவியும், எந்த மாதம் பட்டறை சும்மா கிடக்கும் என்பது விரல் நுனியில் இருக்கும். என் படிவத்தின் நான்காவது கேள்வியை அவரிடம் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதுவார் என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.