மனைவி கனடாக்காரர். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு காரையும் ஓட்டிக்கொண்டு போய் அங்கே குடியேறலாமா, காரை விற்றுவிட்டுப் போவது நல்லதா?

கேட்டவர் எச்1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிறார், மனைவிக்குக் கனடியக் குடியுரிமை, ஒரு குழந்தை, கடன் அடைத்து முடித்த கார். கிட்டத்தட்ட என் கதையேதான், அதனால் எழுதுகிறேன்.

ஓட்டிக்கொண்டு போகலாம். 2023 ஆகஸ்டில் நியூஜெர்சியிலிருந்து டொரோன்டோவின் ஸ்கார்பரோவுக்கு நாங்கள் மினிவேனில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். கனடாக்காரன் வண்டியை உள்ளே விடுவானா என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் பயந்தேன். கடைசியில் என் தூக்கத்தைக் கெடுத்தது அமெரிக்காவை விட்டு வண்டியை வெளியே எடுப்பதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மனிதர்கள். வண்டியை வரிச் சலுகையில் கொண்டுபோக, உங்கள் நிலையில் நேரான வழி முதலில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்குவதுதான். மனைவி கனடியக் குடிமகள் என்பதால் அமெரிக்காவில் இருந்தபடியே உங்களை ஸ்பான்சர் செய்யலாம் (வெறும் பி.ஆர். வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது). ஆனால் உங்களுக்கு பி.ஆர். கிடைத்ததும் அவரும் கனடாவில் வந்து வாழப்போகிறார் என்று காட்ட வேண்டும். நாங்கள் மாமனாரின் கடிதத்தை இணைத்தோம், மகளும் மருமகனும் பேத்தியும் தன் வீட்டு பேஸ்மென்டில் இருப்பார்கள், வாடகை வாங்கப்போவதில்லை என்று. ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் வாழ்க்கையை அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள், அதிகாரிக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குழந்தைக்கு ஸ்பான்சர் விண்ணப்பம் எதுவும் போட்டுவிடாதீர்கள். என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து நாலு வயதில் கனடா போய் அங்கே குடியுரிமை வாங்கியவர், மகள் அதற்குப் பிறகு நியூஜெர்சியில் பிறந்தவள். அப்படியென்றால் அவள் பிறந்த அன்றே கனடியக் குடிமகள்தான், குடியுரிமைச் சான்றிதழுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும். இது தெரியாமல் ஒரு மாதம் தப்பான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஆக ஒரே வண்டியில் போகிற மூன்று பேருக்கும் எல்லையில் மூன்று பெயர். நான் புதிதாகக் குடியேறுபவன், மனைவி திரும்பி வரும் பழைய குடியிருப்பாளர், மகள் குடிமகள். இதை வேடிக்கை என்று விட்டுவிட முடியாது, காசு இதில்தான் இருக்கிறது. புதிதாகக் குடியேறுபவர் தான் ஏற்கனவே சொந்தமாக வைத்திருந்து, பயன்படுத்திய பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம், காரும் அதில் சேர்த்தி. திரும்பி வரும் குடியிருப்பாளருக்கும் சலுகை உண்டு, ஆனால் ஒரு தனிப் பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். எங்கள் வண்டி என் பெயரில் இருந்தது வெறும் அதிர்ஷ்டம்: வாங்கின அன்று மனைவிக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லை. உங்கள் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மனைவி பெயரில் இருக்கிறதே என்று கிளம்புகிற வாரத்தில் மாற்றி எழுதினால் வேலைக்கு ஆகாது, ஏற்கனவே உங்களுடையதாக இருந்ததா என்பதுதான் கேள்வியே. லீஸ் வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அது உங்கள் சொத்தே இல்லை. இன்னொன்று, வரியில்லாமல் கொண்டுவந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றால் அப்போது வரி கேட்பார்கள்.

இப்போது வண்டி. கனடா அரசின் போக்குவரத்துத் துறை, அமெரிக்காவிலிருந்து எந்தெந்த மாடலைக் கொண்டுவரலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உங்கள் மாடல், உங்கள் ஆண்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 2007 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் எலக்ட்ரானிக் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத திருட்டுத் தடுப்பு) இருக்க வேண்டும், அமெரிக்காவில் விற்ற சில மலிவு மாடல்களில் அது கிடையாது. பகலில் தானாக எரியும் முன்விளக்கும் வேண்டும். அடுத்தது ரீகால் கடிதம். ரீகால் என்றால் குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது. வண்டியில் பாக்கி ரீகால் எதுவும் இல்லை என்று தயாரித்த கம்பெனி எழுதித்தர வேண்டும். எங்களுக்கு ஏர்பேக் சம்பந்தமாக ஒன்று பாக்கி இருந்தது, இலவசமாகத்தான் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பாகம் வரவே மூன்று வாரம் ஆனது. அதனால் இதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

சரி, அமெரிக்காவை விட்டு வெளியேறும் கதை. பழைய வண்டியை நிரந்தரமாக வெளியே கொண்டுபோவது என்றால் அவர்கள் கணக்கில் அது ஏற்றுமதி. நீங்கள் உங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்கள் ஒரு கப்பல் சரக்கைப் போல அதைப் பார்க்கிறார்கள். ஏற்றுமதியைக் கணினியில் பதிவு செய்து ஐ.டி.என். என்று ஒரு எண் வாங்க வேண்டும். தனி ஆள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து அதைப் பதிய முடியாது, அதனால் ஒரு தரகர் வழியாகப் போனோம். அந்த எண்ணும் டைட்டிலின் (வண்டியின் உரிமைப் பத்திரம்) நகலும் எந்த எல்லைப் பாலத்தைக் கடக்கிறீர்களோ அங்குள்ள அமெரிக்கச் சுங்க அலுவலகத்துக்கு 72 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு அசல் டைட்டிலோடும் வண்டியோடும் நேரில் போய் முத்திரை வாங்க வேண்டும். அந்த ஏற்றுமதிக் கவுன்டர் பெரும்பாலும் வாரநாள், அலுவலக நேரம் மட்டும்தான். லீவு போட வேண்டாமே என்று சனிக்கிழமை கிளம்பத் திட்டம் போட்டிருந்தேன், அது அப்படியே போச்சு. வியாழக்கிழமைக்கு மாற்றினோம். இதையெல்லாம் செய்யாமல் பேசாமல் பாலம் ஏறிவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார், மாட்டினால் அபராதம் உண்டு. எச்1பியில் இருந்த நாளெல்லாம் ஒரு பார்க்கிங் டிக்கெட்டுக்கே பயந்தவன் நான்.

டைட்டில் இன்னொரு தலைவலி. கடன் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, டைட்டிலும் வீட்டுக்கு வந்துவிட்டது, உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் முன்பக்கத்தில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது. வண்டிமேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும், இல்லாத கடனுக்கு எந்தக் கடிதத்தைக் காட்டுவது? மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்து, வங்கிப் பெயர் இல்லாத புது டைட்டில் வாங்கினேன்.

அப்புறம் தரகர். ஏற்றுமதிப் பதிவின் நகலை அனுப்பினார், நன்றி என்று பதில் போட்டுவிட்டேன். கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது ராத்திரி தூக்கம் வராமல் டைட்டிலையும் அந்த நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்டியின் 17 இலக்க வி.ஐ.என். எண்ணை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பதினோராவது இடத்தில் டைட்டிலில் 8, நகலில் ஆங்கில பி. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளை 1, 0 என்று யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றே வி.ஐ.என். எண்ணில் சேர்ப்பதில்லை, பி-யை மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ. காலையில் போன் போட்டால் தரகர் "பார்த்துக்கலாம் சார்" என்கிறார். பார்த்துக்கொள்ள வேண்டாம், இப்போதே மாற்றுங்கள் என்று லைனிலேயே நின்றேன். திருத்தி அனுப்பியபோது 72 மணிக்கு மேல் அரை நாள்தான் மிச்சம்.

சாமான் பட்டியலை இரண்டாகப் போடுங்கள்: கூடவே கொண்டுவருவது, பின்னால் வரப்போவது. பின்னால் வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனி கொண்டுவரும் சோபாவும் இரண்டாவது பட்டியலில் முதல் நாளே இருக்க வேண்டும். நகைகளுக்கு மதிப்பீட்டுச் சீட்டும் போட்டோவும் வேண்டும். மனைவி தாலிக்கொடியைக் கழற்றாமலே மேசை விளக்கடியில் குனிந்து நிற்க, நான் போட்டோ எடுத்தேன். "இஞ்சருங்கோ, நான் என்ர ஊருக்குத்தானே போறன், எனக்கு என்னத்துக்கு லிஸ்ட்?" என்று அவருக்குக் கடைசி வரை எரிச்சல்தான். அவருக்குத்தான் லிஸ்ட் முக்கியம், 10,000 டாலர் வரம்பு அவருக்குத்தானே. கையில் ரொக்கம் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும், கொண்டுபோகத் தடை இல்லை, சொல்லாமல் போவதுதான் தப்பு.

முந்தின இரவு அமெரிக்க எல்லையோர பஃபலோவில் தங்கினோம். காலையில் அமெரிக்கப் பக்க ஏற்றுமதிக் கவுன்டரில் முத்திரை வாங்க இருபது நிமிடம், இதற்காகவா இவ்வளவு என்று இருந்தது. பீஸ் பிரிட்ஜ் என்ற பாலம் தாண்டினால் கனடாவின் ஃபோர்ட் ஈரி. பூத்தில் இருந்த அம்மாவிடம் "குடியேற வருகிறேன், வண்டியையும் கொண்டுவருகிறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். முதலில் குடிவரவு, பி.ஆர். உறுதிப்பத்திரத்தில் கையெழுத்து. அடுத்து சுங்கம். அந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி "வண்டி யார் பெயரில்?" என்பதுதான். என் பட்டியலில் ஒரு முத்திரை, மனைவியின் பட்டியலில் ஒரு முத்திரை, வண்டி இறக்குமதிக்கான ஃபார்ம் 1-இல் ஒரு முத்திரை. மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேரம், அதில் பாதி நேரம் மகள் கழிப்பறை எங்கே என்று கேட்டதுதான். இதற்குள் மாமியார் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "தம்பி, எத்தினை மணிக்கு வந்து சேருவியள்? புட்டு அவிச்சு வைக்கட்டே?"

அந்த ஃபார்ம் 1-ஐப் பொன் போல வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆர்.ஐ.வி. என்ற இறக்குமதி வண்டிப் பதிவகம் இருக்கிறது (15 வருடம் தாண்டின வண்டிக்கு இது வேண்டாம்). கட்டணம் முந்நூற்றுச் சொச்சம் டாலர், மேலே வரி. ரீகால் கடிதத்தைக் கொடுத்ததும் ஃபார்ம் 2 அனுப்புவார்கள், அதை எடுத்துக்கொண்டு கனடியன் டயர் கடையில் பரிசோதனை. எல்லையைக் கடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் இது முடிய வேண்டும். ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இது போக சேஃப்டி சர்டிஃபிகேட் தனி, இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பிளேட் கொடுக்கும் சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலக வரிசையில் போய் நிற்காதீர்கள். புது பிளேட் கைக்கு வரும் வரை பழைய பிளேட்டையும் அமெரிக்க இன்ஷூரன்ஸையும் விட்டுவிடக் கூடாது, கனடாவில் ஓட்டுவேன் என்று கம்பெனியிடம் முன்பே சொல்லி அதற்கான அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவிங் லைசென்ஸை 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எத்தனை வருடம், எத்தனை கிளெயிம் என்று ஒரு கடிதம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்கார்பரோவில் இன்ஷூரன்ஸ் தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது, அந்தக் கடிதம் போன பிறகுதான் கொஞ்சமாவது இறங்கி வந்தார்கள்.

விற்பதா, கொண்டுபோவதா என்றால், என் கணக்கு இது. கடன் இல்லாத, பட்டியலில் இருக்கிற, இன்னும் ஐந்தாறு வருடம் நீங்களே ஓட்டப்போகிற வண்டி என்றால் கொண்டுபோங்கள். இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்றால் அமெரிக்காவிலேயே விற்றுவிடுங்கள். மைல் காட்டும் அமெரிக்க வண்டிக்குக் கனடாவில் விற்கும்போது ஆள் யோசிப்பான், வாரன்டி எல்லை தாண்டிச் செல்லுமா என்பதையும் கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் நம்ப வேண்டாம். கடன் பாக்கி இருக்கிற வண்டியைக் கொண்டுபோக என் பொறுமை தாங்காது.

நீங்கள் கேட்காத ஒன்று, குழந்தையின் கார் சீட். அதை அமெரிக்காவிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகத் திட்டமிடுங்கள். கனடாவில் கார் சீட்டில் மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும், அமெரிக்க சீட்டில் அது இருக்காது, அது இல்லாத சீட்டை இறக்குமதி செய்யவும் கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதே கதைதான். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை, மைத்துனர்தான் கடைசி வாரத்தில் சொன்னார். அவரே ஸ்கார்பரோவில் ஒரு சீட் வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்கு முந்தின இரவு ஓட்டி வந்தார், பழையதை பஃபலோவில் விட்டுவிட்டோம். மகள் புது சீட்டின் பக்கவாட்டில் இருந்த இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது ஸ்டிக்கரா, உரித்து எடுத்துக்கலாமா என்று கேட்டாள்.