லிமொன்செல்லோ உறைந்ததும் கசந்ததும் ஏன்?

கேள்வி: இத்தாலியில், பலெர்மோவில் வசிக்கிறேன். கூட வேலை செய்யும் சொரெந்தோக்காரப் பெண் சொன்ன அளவில் வீட்டில் லிமொன்செல்லோ (எலுமிச்சைத் தோலை ஆல்கஹாலில் ஊற வைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு மது) போட்டேன். பத்து எலுமிச்சையைக் கத்தியால் தோல் சீவினேன். ஒரு லிட்டர் தண்ணீர், 700 கிராம் சீனி. அவர் சொன்ன ஆல்கஹாலுக்குப் பதில், வீட்டில் இருந்த ஒரு லிட்டர் வோட்காவை ஊற்றினேன். ஃப்ரீசரில் வைத்தால் ஐஸாகிவிடுகிறது. குடித்தால் பின்கசப்பு. நிறமும் கலங்கல். கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டாதீர்கள். காப்பாற்ற வழி இருக்கிறது.

முதலில் உறைந்த கதை. உங்கள் தோழி சொன்னது 95 அல்லது 96 சதவீத ஆல்கஹால். இத்தாலியில் வீட்டு மதுவகைகளுக்கென்றே சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறார்கள். நீங்கள் ஊற்றியதோ 40 சதவீத வோட்கா. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தண்ணீர்தான். சீனியும் இடம் பிடிக்கும்: 700 கிராம் கரைந்தால் சுமார் 430 மில்லி. ஆக உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 2.4 லிட்டர், அதில் சுத்த ஆல்கஹால் 400 மில்லி மட்டும். கணக்குப் போட்டால் 16, 17 சதவீதம். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக்கு இது தாங்காது. 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உறையாமல், பாகு போலக் கெட்டியாக ஊற்ற வரும்.

கசப்பு கத்தியால் வந்தது. எலுமிச்சையின் மணமெல்லாம் மேலே இருக்கும் மஞ்சள் தோலின் எண்ணெய்ப் பைகளில்தான். அதற்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில் மணம் கிடையாது, கசப்புதான் உண்டு. காய்கறி பீலரால் காகிதம் போல மெல்லியதாகச் சீவுங்கள். பின்பக்கம் வெள்ளை தெரிந்தால் கத்தி முனையால் சுரண்டிவிடுங்கள். பத்து பழத்துக்கு அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். இந்த வேலையில் பொறுமை காட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கலங்கலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது நல்ல அடையாளம். கடும் ஆல்கஹாலில் கரைந்திருந்த தோல் எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மிதப்பதால்தான் அந்தப் பால் மஞ்சள் நிறம். வோட்காவில் எண்ணெய் குறைவாகவே இறங்கும். அதில் ஊற வைத்தும் கலங்கியிருக்கிறது என்றால் உங்கள் எலுமிச்சை நல்ல எலுமிச்சை.

சரி, இருப்பதைச் சரிசெய்வோம். அரை லிட்டர் 95 சதவீத ஆல்கஹால் வாங்கி, நான்கைந்து எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் போட்டு, இறுக்கமாக மூடிய கண்ணாடி ஜாடியில் இருட்டான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். வடிகட்டி பழையதோடு கலந்துவிடுங்கள். மொத்தம் 30 சதவீதத்துக்கு வந்துவிடும். கசப்பு முழுவதும் போகாது, ஆனால் புது மணம் அதை அமுக்கும். இனிப்பு கொஞ்சம் குறையும். என் நாக்குக்கு அது நல்லதுதான்.

கடையில் ஒரு விஷயத்தில் கவனம். சுத்தம் செய்வதற்கான இளஞ்சிவப்பு ஆல்கஹாலும் அதே சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும். 'தெனத்துராத்தோ' என்று எழுதியிருக்கும். அது விஷம், கையிலேயே எடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது நிறமற்ற, 'பெர் லிக்வோரி' (மதுவகைகளுக்கு) என்று எழுதிய பாட்டில். எலுமிச்சை வாங்கும்போதும் சீட்டைப் படியுங்கள். 'புச்சா நோன் எதீபிலே' (தோல் உண்ணத் தகாதது) என்றிருந்தால் தோலில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நமக்கு வேண்டியதே தோல் என்பதால் அந்தப் பழம் ஆகாது. சொரெந்தோ, அமால்ஃபி எலுமிச்சைக்காக அலைய வேண்டாம்; உங்கள் சிசிலித் தீவிலேயே விளையும் சிராகூசா எலுமிச்சை அருமையாக இருக்கும். நம் ஊர் சின்ன எலுமிச்சை, அதாவது தேசிக்காய், இதற்குச் சரிவராது. தோல் மெல்லியது, மணமும் வேறு.

அடுத்த முறைக்கு என் அளவு: 95 சதவீத ஆல்கஹால் ஒரு லிட்டர், பெரிய எலுமிச்சை பத்து, தண்ணீர் ஒன்றரை லிட்டர், சீனி 800 கிராம். தோல் வெளிறி, வளைத்தால் முறியும் அளவுக்கு விறைத்துவிட்டால் எண்ணெய் இறங்கிவிட்டது. நாற்பது நாள் ஊற வேண்டும் என்பார்கள்; இவ்வளவு கடும் ஆல்கஹாலுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பது என் அனுபவம். சீனியைத் தண்ணீரில் காய்ச்சிய பாகு நன்றாக ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். சூடாக ஊற்றினால் மணம் பறந்துவிடும், ஆவியும் தீப்பிடிக்கலாம். அடுப்புப் பக்கம் இந்த ஆல்கஹாலைத் திறக்கவே கூடாது. கலந்த பின் ஒரு மாதம் விட்டால் காரம் அடங்கும்.

வோட்காதான் கிடைக்கும் என்றால், ஒரு லிட்டருக்கு 250 கிராம் சீனி, 175 மில்லி தண்ணீர், அவ்வளவே. ஊறலை மூன்று வாரமாக்குங்கள்.

அப்புறம், குளிர்காலம் முடிவதற்குள் உங்கள் சந்தையில் சாக்கூல்லி மாண்டரின் (பலெர்மோ பக்கத்து ஆரஞ்சு வகை) வரும். அதன் தோலை இதே ஆல்கஹாலில் போட்டுப் பாருங்கள், பலெர்மோ வீடுகளில் அதையும் செய்வார்கள்.