காசிமேட்டிலிருந்து ஏழிமலைக்கு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம், இதுவரை 68 சதவீதம். கடற்படையில் எஞ்சினியர் ஆஃபீசராகச் சேர ஆசை. அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஆசையைச் சொன்னதும், "கப்பல் வேலைக்கு லட்சக்கணக்குல கேப்பான், நீ என்ன பெரிய எம்டனா?" என்று கேட்டுவிட்டார். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்குப் பயிற்சி தர ஓரிடத்தில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். என் இங்கிலீஷ் சுமார். இன்டர்வியூவில் வீட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றும் தயக்கம். எனக்கெல்லாம் கிடைக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவின் கணக்கு. நம் பக்கம் 'கப்பல் வேலை' என்றாலே சரக்குக் கப்பல்தான். மெக்கானிக்கல் முடித்தவர்கள் அதற்கு ஒரு வருஷ மரைன் எஞ்சினியரிங் படிப்பைக் காசு கட்டிப் படிக்க வேண்டும். அப்பா சொல்லும் லட்சம் அந்தக் கதை. கடற்படை வேறு. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. எஸ்.எஸ்.பி.க்கு முதல் தடவை போகிறவர்களுக்கு தேர்ட் ஏ.சி. ரயில் கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

எம்டன் என்றதும் சிரித்துவிட்டேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது. நூறு வருஷம் தாண்டியும் நம் ஊரில் கெட்டிக்காரனைத் திட்டவும் பாராட்டவும் அந்தப் பெயர்தான். அப்பா எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தகுதி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி.இ.யில் 60 சதவீதம் வேண்டும். பயிற்சி தொடங்கும்போது வயது பத்தொன்பதரையிலிருந்து 25-க்குள். மதிப்பெண்ணை வைத்து எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். அது ஐந்து நாள். அதில் தேறினால் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் மெரிட் லிஸ்ட். கண்ணில் பவர் இருந்தாலோ நிறம் பிரித்துப் பார்ப்பதில் சந்தேகம் இருந்தாலோ இப்போதே ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஐந்து நாளும் ஜெயித்துவிட்டு அங்கே போய்த் திரும்பினால் மனசு தாங்காது.

இனி அந்த 40,000. நானும் டிகிரி முடித்த கையோடு எஸ்.எஸ்.பி.க்குப் போனவன்தான், பெங்களூருக்கு. முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டினார்கள். நான்கு நிமிஷத்தில் அதை வைத்துக் கதை எழுத வேண்டும். படத்தில் இரண்டு பேர் எதன் மேலோ குனிந்திருந்தார்கள். என் கண்ணுக்கு அது சத்தியமாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான். மீன்பிடி லாஞ்சின் எஞ்சினைத் திறந்து வைத்து என் மாமாவும் அவர் எடுபிடிப் பையனும் குனிந்து நிற்பார்களே, அதே நிற்பு. ஆனால் நான் எழுதியது? கைடில் படித்த கதை. படித்த இளைஞன் ஒருவன் கிராமத்துக்குப் போய் மருத்துவ முகாம் நடத்துகிறான். அப்புறம் வட்டமாக உட்கார வைத்து அவரவர் கதையைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் மருத்துவ முகாம் நடத்திவிட்டார்கள். ஐந்தாவது முகாமை நான் நடத்தினேன். அன்று இரவு ரயிலிலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

லாஞ்சு எஞ்சினைப் பற்றி எழுதியிருந்தால் எடுத்திருப்பார்களா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் கதை என்னுடையதாக இருந்திருக்கும், அடுத்தவன் குறுக்கே கேட்டாலும் பதில் இருந்திருக்கும். எழுதாததற்குக் காரணம் வெட்கம். ஆஃபீசர் வேலைக்கு வந்த இடத்தில் கிரீஸ் கதை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் 'தயக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த மங்கல் படம்தான் ஞாபகம் வந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார் என்றால் லாரி ஓட்டுகிறார். கிளட்ச் தேய்ந்ததை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அடுத்து கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷும் அப்படியே. நினைத்ததை நேராகச் சொல்லும் அளவுக்கு வேண்டும், அதற்குத் தினமும் யாரோடாவது பேசிப் பழகுங்கள். 40,000 ரூபாய் கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் ஆறாவது மருத்துவ முகாம்.

வேலையைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். முதலில் கேரளத்து ஏழிமலையில் கடற்படை அகாடமி. (சங்கப் பாட்டில் நன்னன் ஆண்ட ஏழிற்குன்றம் அதுதான். வேற்றூர் என்று மிரள வேண்டாம்.) அப்புறம் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி. 1945-லிருந்து கடற்படை எஞ்சினியர்கள் உருவாகும் இடம். பிறகு கப்பல். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை எடுத்துக்கொண்டால் நான்கு கேஸ் டர்பைன், மொத்தம் 88 மெகாவாட். டர்பைன் மட்டுமில்லை, ஜெனரேட்டர், ஏ.சி. பிளான்ட், கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட் எல்லாம் எஞ்சினியர்கள் தலையில்தான். தீப்பிடித்தாலோ தண்ணீர் உள்ளே வந்தாலோ முதலில் ஓடுவதும் அவர்கள். போர்க்கப்பலுக்குக் கேப்டனாகும் வாய்ப்பு மட்டும் எஞ்சினியருக்கு இல்லை, அது வேறு பிரிவு. டிகிரி முடித்து நீங்கள் சேரப்போவது பெரும்பாலும் குறுகிய காலப் பணி. நீட்டித்தாலும் மொத்தம் 14 வருஷம்தான். பென்ஷன் கிடையாது. முப்பத்தைந்து வயதில் மறுபடி வேலை தேட வேண்டியிருக்கும் என்பதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் ரூமில் உங்களுக்குக் கீழே இருப்பவர்களில் சிலர் உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்களாக இருப்பார்கள். சல்யூட் அடித்து 'சார்' என்பார்கள். மெஷினைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கி, முடிவை நீங்கள் எடுத்து, தப்பானால் பழியையும் நீங்கள் ஏற்க வேண்டும். இதை எந்த செமஸ்டரிலும் சொல்லித்தர மாட்டார்கள். என் மாமா ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவதுல டாப்பெட் பேசுது" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் வால்வைத் தள்ளும் அந்தப் பாகத்தில்தான் கோளாறு இருக்கும். நான் ஒரு தடவையாவது அந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். பி.இ. படிக்கிறேன் என்ற நினைப்பு விடவில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். லாஞ்சுகளெல்லாம் கரையில் நிற்கும், எஞ்சின்கள் திறந்து கிடக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு உங்களுக்கு நடக்கிற தூரம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். போகும்போது நாலு டீ வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்