ஆய்வேட்டுக்குத் தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

சமூகவியல் இறுதியாண்டு மாணவர்கள் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘தமிழ்நாட்டில் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் பெண் அதிகாரமளித்தலும்’. இது ஐந்து பேர் கொண்ட குழு மூன்று வருடம் செய்யவேண்டிய வேலை. உங்களிடம் இருப்பது நான்கு மாதம், அதில் செமஸ்டர் தேர்வும் உண்டு.

அதைச் சுருக்குங்கள். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. சரி, மிச்சமான காசு யார் கைக்குப் போகிறது? ஒரே பேருந்துத் தடம், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், பன்னிரண்டு பேர். இதற்கு விடை தேட முடியும். ‘அதிகாரமளித்தல்’ என்ற சொல் முன்னுரையோடு நிற்கட்டும்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பேட்டி எடுத்தால் பஸ் கிடைத்தவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். இலவச பஸ் நேரத்துக்கு வராததால் ஷேர் ஆட்டோவுக்கு மாறியவர் அங்கே நிற்க மாட்டார். உங்கள் ஆய்வுக்கு அவர்தான் முக்கியம். எனவே பாதிப் பேரையாவது அவர்கள் குடியிருக்கும் தெருவில் தேடுங்கள். வார்டு கவுன்சிலர் மூலம் போகாதீர்கள். உங்களை அரசாங்க ஆள் என்று நினைத்து எல்லோரும் திட்டத்தைப் புகழ்வார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காசு பற்றிய கேள்வியை எடுக்கவே வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள்.

கேள்வி கேட்கும் விதமும் அப்படித்தான். “இந்தத் திட்டத்தால் பயன் அடைந்தீர்களா?” என்றால் “ஆமாம்பா, நல்லா இருக்கு” என்று பதில் வரும், அதோடு பேட்டி முடிந்தது. “போன திங்கக்கிழமை காலையில வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? எந்த பஸ்? எவ்வளவு நேரம் நின்னீங்க?” என்று கேளுங்கள். அதிலிருந்து கதை தானாக விரியும். முதல் இரண்டு பேட்டிகளை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, பிறகு கேள்விகளைத் திருத்துங்கள். பேட்டிக்கும் ஒலிப்பதிவுக்கும் சம்மதம் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவிலேயே வாங்கலாமா என்று துறைக் கையேட்டில் பார்த்து, ஆய்வு வழிகாட்டியான ஆசிரியரிடமும் முன்பே கேட்டுவைக்கவேண்டும்.

நேரக் கணக்கை யாரும் போடுவதில்லை. 40 நிமிடப் பேட்டி பன்னிரண்டு என்றால் எட்டு மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி ஆகும். ஆக நாற்பது மணி நேரத்துக்கு மேல். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மொழிபெயர்ப்பு தனி. எடுத்த பேட்டியை அன்று இரவே தட்டச்சு செய்யத் தொடங்குங்கள்.

10,000 சொல் வரம்பு என்றால் முன்னாய்வுகளுக்கு 2,500, ஆய்வுமுறைக்கு 1,500, கண்டறிந்தவைக்கு 4,000, மீதி முன்னுரைக்கும் முடிவுரைக்கும். உங்கள் துறைக் கையேடு வேறு சொன்னால் அதுவே சட்டம். முன்னாய்வு என்பது ‘இவர் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார்’ என்ற வரிசை அல்ல; அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று எழுதுங்கள். பன்னிரண்டு பேரை வைத்து ‘75 சதவீதம்’ என்று எழுதாதீர்கள், ‘ஒன்பது பேர்’ என்றே எழுதுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் அடி அங்கேதான் விழும்.

பெற்றோர் கேட்பது, “இதனால் வேலை கிடைக்குமா?” ஏட்டைக் காட்டியதும் யாரும் வேலை தரமாட்டார்கள். ஆனால் தொண்டு நிறுவனத்திலோ, முதுகலைச் சமூகப்பணி நேர்காணலிலோ “களப்பணி செய்திருக்கிறாயா?” என்று கேட்டால், அந்த ஷேர் ஆட்டோ பெண்ணை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று ஐந்து நிமிடம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.